நான்கு துளை கேம்கியூப் அடாப்டர்: லினக்ஸில் டால்ஃபினுடன் சில வாரங்கள்

நிண்டெண்டோ 2001இல் வெளியிட்ட கேம்கியூப் என்ற வீடியோ கேம் கருவியின் கன்ட்ரோலர்கள் இரண்டு என்னிடம் இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. அவற்றை லினக்ஸ் கணினியில், கேம்கியூப் விளையாட்டுகளைக் கணினியிலேயே இயக்கும் டால்ஃபின் எமுலேட்டரோடு பயன்படுத்துவதற்காக நான்கு துளைகள் கொண்ட ஓர் அடாப்டரை வாங்கினேன். 2014இல் தன் வீ யூ என்ற பிந்தைய கேம் கருவிக்காக நிண்டெண்டோவே வெளியிட்ட அடாப்டரைப் பின்பற்றிச் செய்யப்பட்ட இத்தகைய கருவிகள் பல பெயர்களில் ஏறத்தாழ ஒரே உருவத்தில் விற்கப்படுகின்றன. துளைகள் பிளக்கை இறுக்கமாகப் பிடிக்கின்றன. உடலமைப்பில் குறை சொல்ல எதுவுமில்லை.

ஆனால் முதல் நாள் மாலை முழுவதும் வீணாயிற்று. அடாப்டர் கண்டறியப்படவில்லை என்றே டால்ஃபின் திரும்பத் திரும்பக் கூறியது. பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எண்ணித் திருப்பி அனுப்பவே முடிவு செய்திருந்தேன். அதற்குமுன் யூஎஸ்பி கருவிகளின் பட்டியலைப் பார்த்தபோது, நிண்டெண்டோவின் அடையாள எண்ணோடும் 0337 என்ற பொருள் எண்ணோடும் அது ஒழுங்காக இடம்பெற்றிருந்தது. கணினிக்குத் தெரிகிற கருவி எமுலேட்டருக்கு மட்டும் தெரியவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் அனுமதியில்தான் இருக்கும்.

டால்ஃபின் இந்த அடாப்டரைச் சாதாரண கேம்பேடாகக் கருதாமல், யூஎஸ்பி வழியாக நேரடியாகத் திறந்து, அதற்குக் கட்டளைகளையும் எழுதுகிறது. ஆனால் யூஎஸ்பி கருவிகளுக்கான கோப்புகளைப் பொதுவாக ரூட் எனப்படும் நிர்வாகப் பயனர் மட்டுமே எழுத முடியும். மற்றவர்கள் படிக்கலாம், அவ்வளவுதான். இதைத் தளர்த்தும் விதி (லினக்ஸில் கருவிகளைக் கவனிக்கும் யுடெவ் என்ற பகுதிக்கானது) டால்ஃபினின் மூலக்கோப்புகளோடே வருகிறது என்றாலும், நான் நிறுவியிருந்த ஃபிளாட்பேக் என்ற பொதிவடிவப் பதிப்பு, கணினியின் பிற பகுதிகளிலிருந்து பிரிக்கப்பட்ட தன் வேலிக்குள் இயங்குவதால், அந்த விதியைக் கணினியின் அமைப்புக் கோப்பகத்தில் அதனால் வைக்க முடியாது. எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை. விதிக்கோப்பை நாமே எழுதி, யுடெவை மீண்டும் படிக்கச் செய்து, அடாப்டரைக் கழற்றி மாட்ட வேண்டும்.

அந்த விதியில் 0666 என்ற அனுமதியைக் கொடுத்தால் கணினியில் உள்ள எல்லாப் பயனர்களுக்கும் வழி திறந்துவிடும். திரையின் முன் அமர்ந்திருப்பவருக்கு மட்டும் உரிமை தரும் யுஅக்சஸ் குறியே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதைப் பயன்படுத்தினால் கோப்பின் பெயர் 73ஐவிடச் சிறிய எண்ணில் தொடங்க வேண்டும். 99 என்று தொடங்கினால் விதி சரியாக இருந்தும் அனுமதி கிடைக்காது. நானும் முதலில் 99 என்றே பெயரிட்டு அரைமணி நேரம் விழித்தேன். எமுலேட்டரையே ரூட்டாக இயக்குவது தீர்வாகாது. டால்ஃபினின் அமைவுக் கோப்புகள் சில ரூட்டுக்குச் சொந்தமாகிப் புதிய சிக்கலைத் தரலாம்.

அடாப்டரின் பக்கவாட்டில் உள்ள சிறிய சுவிட்ச் வீ யூ நிலையில் இருக்க வேண்டும். பிசி நிலையில் இது வெறும் ஜாய்ஸ்டிக்காக மாறிவிடுவதால், மேற்சொன்ன விதி பொருந்தாது. விண்டோஸில் இதே வேலைக்கு ஸாடிக் என்ற சிறு நிரல் மூலம் அடாப்டரின் டிரைவரை வின்யூஎஸ்பிக்கு மாற்றினால் போதும்.

பெட்டிக்குள் இருந்த துண்டுச்சீட்டு லினக்ஸைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அதற்காகவே ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன். அடாப்டரின் இரண்டு யூஎஸ்பி பிளக்குகளில் சாம்பல் நிறத்தது கன்ட்ரோலரின் அதிர்வுக்கான மின்சாரத்துக்கு மட்டுமே என்பதையும் அது சொல்லவில்லை. அதிர்வு வேண்டாதவர்கள் கறுப்பு பிளக்கை மட்டும் செருகி விளையாடலாம்.