பயணத்தில் சுருட்டு: அறையா, பால்கனியா, லவுஞ்சா, வெட்டவெளியா?

சிகரெட் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். சுருட்டுக்கு அந்த அவசரம் கிடையாது. ரோபுஸ்டோ என்ற ஐந்து அங்குலச் சுருட்டை நிதானமாகப் பிடித்தால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். சர்ச்சில் என்ற ஏழு அங்குல ரகம் என்றால் ஒன்றரை மணி நேரம்கூடப் போகும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு நிகரான புகையிலை இருக்கலாம். புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயில் வைத்து வெளியே விடுவதுதான் சுருட்டுக்காரர் வழக்கம். அதனால் பிடிப்பவருக்கு ஒன்றும் ஆகாது என்பதில்லை, வாய்ப்புற்று உட்பட எல்லா ஆபத்தும் உண்டு. ஆனால் அறை நிறையப் புகை சேர்வது என்னவோ உறுதி.

ஊரில் என்றால் யாருக்குப் புகை ஆகாது, யார் முகம் சுளிப்பார் என்பது நமக்குத் தெரியும். பயணத்தில் பக்கத்து அறைக்காரர் யாரென்றே தெரியாது. ஆகவே ஓர் இடம் சுருட்டுக்கு ஏற்றதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: புகை பிடிக்காத ஒருவர் அங்கே இருந்தால், அவரால் எழுந்து வேறு இடத்துக்குப் போக முடியுமா?

முதலில் ஹோட்டல் அறை. 'ஸ்மோக்கிங் ரூம்' என்று கேட்டு வாங்கினால் சட்டப்படி பிரச்சினை இல்லை. இந்தியாவில் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, 30 அறைகளோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல்கள் புகைபிடிப்போருக்குத் தனி அறைகள் ஒதுக்கலாம். அந்த அறைகள் அங்கங்கே சிதறிக் கிடக்காமல் ஒரே தளத்திலோ ஒரே பகுதியிலோ சேர்ந்திருக்க வேண்டும், புகை வெளியே போக வழியும் இருக்க வேண்டும். அப்படியிருந்தும் அறையில் சுருட்டு பிடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திரை, மெத்தை, கம்பளம் மூன்றும் அந்த வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிகரெட் பிடிக்கும் ஆளே மறுநாள் அந்த அறைக்கு வந்தாலும் மூக்கைப் பொத்துவார். காலையில் அறையைச் சுத்தம் செய்ய வரும் பணியாளருக்கோ எழுந்து போகும் வசதியே இல்லை. புகை கூடாத அறையில் ஜன்னலைத் திறந்துவைத்துப் பிடிப்பது இன்னும் மோசம். அமெரிக்காவில் அதற்குச் சுத்திகரிப்புக் கட்டணமாக 250 டாலர் வரை, சில இடங்களில் அதற்கு மேலும், பில்லில் ஏறிவிடும். குளியலறை ஃபேனைப் போட்டுக்கொண்டு, கதவடியில் ஈரத் துண்டைச் செருகி நடத்தும் வித்தைகள் எல்லாம் பள்ளிக்கூடப் பையன்களோடு போகட்டும்.

அடுத்து பால்கனி. பார்த்தால் இதுதான் நல்ல ஏற்பாடு போலத் தெரியும்: காற்று இருக்கிறது, கடல் தெரிகிறது, கையில் காபி. எனக்கென்னவோ நான்கில் இதுதான் அதிகம் ஏமாற்றும் இடம். புகை மேலே போகும், மேலே இன்னொருவரின் பால்கனி இருக்கும். அவர் கதவைத் திறந்துவைத்துத் தூங்கினால் உங்கள் ஒரு மணி நேரம் முழுக்க அவர் படுக்கைக்குத்தான் போய்ச் சேரும். காசு கொடுத்து எடுத்த அறையை விட்டு அவர் எங்கே எழுந்து போவார்? சொகுசுக் கப்பல்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அங்கே பால்கனிகள் தேன்கூடு மாதிரி ஒட்டி ஒட்டி இருக்கும். கடல் காற்றில் கங்கு பறந்து கீழ்த்தளத்து நாற்காலித் துணியில் விழுந்தால் விஷயம் மரியாதையோடு நிற்காது, தீ விபத்தாகிவிடும். பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவும் பால்கனியில் புகையைத் தடை செய்துவிட்டு, மேல்தளத்தில் ஓர் ஓரத்தையோ தனி லவுஞ்சையோ ஒதுக்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஹோட்டலில் அனுமதி உண்டு என்று சொன்னாலும், மேலேயும் பக்கத்திலும் ஆள் இருக்கிறார்களா என்று வரவேற்பில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மேல்தளம் இல்லாத உச்சித் தளம், பக்கத்திலும் ஆளில்லை என்றால் தயக்கமில்லாமல் பிடிக்கலாம்.

லவுஞ்சுக்கு, அதாவது சுருட்டு பிடிப்பதற்கென்றே உள்ள கூடத்துக்கு, வருவோம். செலவு அதிகம், சந்தேகமில்லை. ஆனால் என் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்குவது இது மட்டும்தான், ஏனென்றால் அங்கே வருகிறவர்கள் புகைக்காகவே வருகிறார்கள். இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் உள்ளரங்குகளில் புகைக்குத் தடை. ஆனாலும் புகையிலைக்கென்றே உள்ள தனிக் கடைகளில் சுருட்டை 'ருசி பார்க்க' விலக்கு உண்டு. லண்டனின் பெரிய ஹோட்டல்கள் வேறு வழி கண்டுபிடித்தன: சுவர்ப்பரப்பில் பாதியாவது திறந்திருந்தால் அது மூடிய இடம் ஆகாது என்கிறது சட்டம். அதனால் கூரை போட்டு, ஹீட்டர் வைத்து, மடியில் போர்த்திக்கொள்ளக் கம்பளியும் தந்து 'டெரஸ்' என்று நடத்துகிறார்கள். குளிர்காலத்தில் அங்கே உட்கார்ந்து பிடிப்பது சுகமா தண்டனையா என்பது ஆளைப் பொறுத்தது.

லவுஞ்சுக்கென்று சில நடைமுறைகள் உண்டு. சொந்தச் சுருட்டைக் கொண்டுபோனால் முன்கூட்டியே கேளுங்கள். சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள், சில இடங்களில் அனுமதியே இல்லை. அனுமதித்தாலும் அங்கே ஒன்றாவது வாங்குவதுதான் மரியாதை. கடைச் சுருட்டை எடுத்து நசுக்கிப் பார்ப்பதும் மூக்கில் ஒட்டி முகர்வதும் கூடாது, அதை நாளைக்கு இன்னொருவர் வாயில் வைக்கப் போகிறார். எச்சில் பட்ட நுனியைக் கடையின் கட்டரில் வைத்து வெட்டுவதும் அதே ரகம். பக்கத்து ஆள் விலை குறைந்த சுருட்டு பிடித்தால் அறிவுரை சொல்ல வேண்டாம். உறையூரில் உருட்டிய திருச்சிச் சுருட்டு வெள்ளைக்காரன் காலத்தில் கடல் கடந்து போன சரக்கு. அதை கியூபாவின் ஹவானா சுருட்டு ரசிகர் ஒருவர் ஏளனமாகப் பார்த்தால், ஒரு சுருட்டை எடுத்து நீட்டுங்கள், பேச்சு தானாக வளரும்.

வெட்டவெளி இலவசம், ஆனால் எல்லா ஊரிலும் வெளி என்பது வெளியல்ல. சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் சாலை வட்டாரத்தில் 2019 முதல் ஒதுக்கிய இடங்களில் மட்டும்தான் புகைபிடிக்கலாம். 2022 ஜூலையில் பொதுப் பூங்காக்களும் கடற்கரைகளும் தடைக்குள் வந்தன. அந்த நாட்டில் புகையிலைக்கு வரிச்சலுகை கிடையாது என்பதால், பையில் ஒரே ஒரு சுருட்டு இருந்தாலும் சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும். டோக்கியோவின் சியோதா வட்டாரம் நடந்துகொண்டே புகைப்பதற்கு 2002-லேயே அபராதம் கொண்டுவந்தது. மெக்சிகோவில் 2023 ஜனவரியிலிருந்து கடற்கரையிலும் தடை. வேடிக்கை என்னவென்றால் ஃப்ளோரிடா எதிர்த் திசையில் போனது: 2022-இல் கடற்கரையில் புகையைத் தடுக்க உள்ளூர் நிர்வாகங்களுக்கு அதிகாரம் கொடுத்த அதே சட்டம், ஃபில்டர் இல்லாத சுருட்டுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. அதற்காக மயாமி கடற்கரையில் குழந்தைகள் மணல்வீடு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காரலாம் என்று அர்த்தமில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, கூட்டத்தைத் தாண்டிக் காற்று போகும் பக்கமாய் உட்கார வேண்டும். உங்களுக்குப் பிறகு வந்து பக்கத்தில் அமர்ந்தவர் என்றாலும், அவர் இருமினால் எழ வேண்டியவர் நீங்கள்தான்.

விமான நிலையப் புகையறை, வாடகைக் கார் இரண்டையும் போட்டியிலேயே சேர்க்கவில்லை. முன்னது ஐந்து நிமிஷக்காரர்களுக்கான கூண்டு, பின்னதில் அடுத்து ஏறுபவர் மாட்டிக்கொள்வார்.

ஆக என் தேர்வு: செலவுக்குக் கை வருமானால் லவுஞ்ச், இல்லையென்றால் சட்டம் அனுமதிக்கும் ஊரில் ஆளில்லாத வெட்டவெளி. வெளியில் என்றால் சர்ச்சிலை விட்டுவிட்டு அரை மணியில் முடியும் குட்டைச் சுருட்டாக எடுத்துப் போங்கள். நீளமானதைப் பாதியில் அணைக்க மனசு வராமல்தான் பலர் அடுத்தவர் பொறுமையைச் சோதிக்கிறார்கள்.

லைட்டரை ஊரிலிருந்து கொண்டு போக வேண்டாம். இந்திய விமான நிலையங்களில் லைட்டரும் தீப்பெட்டியும் பிடுங்கப்படும். நீல ஜுவாலை அடிக்கும் டார்ச் லைட்டர் அமெரிக்க விமானங்களில் கைப்பை, பெட்டி இரண்டிலும் கூடாது. போன இடத்தில் மலிவாக ஒன்று வாங்கி, திரும்பும்போது யாருக்காவது கொடுத்துவிட்டு வரலாம். முடித்த துண்டைச் சிகரெட் போல நசுக்கினால் நாற்றம் இரட்டிப்பாகும். ஆஷ்ட்ரேயில் வைத்துவிட்டால் சில நிமிஷங்களில் தானே அணைந்துவிடும். வெளியில் என்றால் மூடியுள்ள சின்னத் தகர டப்பா ஒன்று பையில் இருக்கட்டும், துண்டும் சாம்பலும் அதில் போகும்.