கடற்கரை – செங்கல்பட்டு ஏசி மின்சார ரயில்: ஒரு மதிப்பீடு

சென்னை கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே 2025 ஏப்ரல் 19 முதல் ஓடும் ஏசி மின்சார ரயிலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வெயிலையும் கட்டணத்தையுமே பேசுகிறார்கள். அது எந்தத் தடத்தில் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் மதிப்பு முழுமையாக விளங்கும். சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தடத்தைப் போல, மாநிலத்தின் இத்தனை வாசல்களைத் தொட்டுச் செல்லும் பாதை தமிழ்நாட்டில் வேறொன்று இல்லை என்றே சொல்வேன். அந்தமானுக்குக் கப்பல் புறப்படும் துறைமுகம் கடற்கரை நிலையத்துக்கு அருகில் இருக்கிறது; பார்க் நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் சென்ட்ரல்; எழும்பூரிலும் தாம்பரத்திலும் தென்மாவட்ட விரைவு ரயில்கள்; கிண்டியிலும் பரங்கிமலையிலும் மெட்ரோ; திரிசூலத்தில் ஜிஎஸ்டி சாலைக்கு எதிர்ப்புறம் விமான நிலையம். 1931இலேயே மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய கடற்கரை – தாம்பரம் பகுதிக்குக் குளிர்சாதன வசதி இப்போதுதான் வந்திருக்கிறது.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் தயாரித்த 12 பெட்டி வண்டி இது. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு உள்ளேயே நடந்து போகலாம் என்பதால், ஏறிய இடத்தில் நெரிசலாக இருந்தாலும் சற்றுத் தள்ளிப் போய் நிற்க இடம் தேடிக்கொள்ள முடிகிறது. ஆனாலும் இந்த வண்டியில் நான் முதலிடம் தருவது குளிர்ச்சிக்கு அல்ல, கதவுக்கு. வண்டி நகருமுன் கதவுகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலில் தொங்கும் படிக்கட்டுப் பயணத்துக்கு இங்கே இடமே இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் சாதாரண வண்டியின் வாசலில் ஒரு காலை வெளியே விட்டபடி வருவதைப் பார்த்துப் பதறாத பெற்றோர் இந்தத் தடத்தில் இருக்க மாட்டார்கள். இந்த ஒன்றுக்காகவே இனி வாங்கும் எல்லாப் புறநகர் வண்டிகளும், ஏசி இல்லாவிட்டாலும், மூடும் கதவோடு வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

கட்டணம் 35 ரூபாயில் தொடங்கி, கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை 105 ரூபாய். சாதாரண வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய் என்பதால், கிண்டியிலிருந்து மாம்பலம் போவது போன்ற குறுந்தூரத்துக்கு இது கட்டுப்படியாகாது. மூட்டை முடிச்சோடும் வயதான பெற்றோரோடும் விமான நிலையத்திலிருந்து எழும்பூருக்கோ தாம்பரத்துக்கோ போகிறவர்கள் கால் டாக்சி கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் இது மலிவு. தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கம் போக வேண்டியவர்களுக்கு விமான நிலைய மெட்ரோ உதவாது. அவர்களுக்குத் திரிசூலம்தான் வழி. ஆனால் நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையே பெட்டியை இழுத்துக்கொண்டு சுரங்கப்பாதைப் படிகளில் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. வண்டிக்குள் கிடைத்த சுகம் அந்தப் படிகளிலேயே கரைந்துவிடுகிறது.

குறை என்று சொல்ல வேண்டுமானால், ஒரு நாளைக்கு ஓடும் ஏசி வண்டிகளின் எண்ணிக்கைதான். சாதாரண வண்டியை நேரம் பார்க்காமல் போய்ப் பிடிக்கலாம். ஏசி வண்டியை அட்டவணை பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். விமானத்திலிருந்தோ வெளியூர் ரயிலிலிருந்தோ இறங்கி வருபவர் நாம் நினைத்த நேரத்தில் வந்து சேர்வதில்லை என்பதால், இணைப்பு வண்டிக்கு அடிக்கடி ஓடுவதே முதல் தகுதி. 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையே, இதே தடத்தை ஒட்டித்தான் அமைந்திருக்கிறது. திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் இரவுப் பேருந்தில் வந்து விடியற்காலையில் அங்கே இறங்குகிறவர்களையும் கணக்கில் கொண்டு, காலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரையாவது அரைமணிக்கு ஒரு ஏசி வண்டி விட வேண்டும்.