கண்ணாடியோரமா, மேல் அடுக்கா? ஐஸ் ஹாக்கி அரங்கில் எங்கே உட்காருவது

ஓர் ஐஸ் ஹாக்கி அணியின் சொந்த அரங்கில் நடைபெறும் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்க முற்படுகிறவருக்குக் காட்டப்படும் இருக்கை வரைபடம், பனித்தளத்துக்கு நெருங்க நெருங்க விலையை ஏற்றிக்கொண்டே போகும். அதைப் பார்க்கிறவர், விலை உயர்ந்த இடத்தில் ஆட்டமும் அதே அளவுக்கு நன்றாகத் தெரியும் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. பல இடங்களிலிருந்து பார்த்துப் பழகிய பிறகு என் கருத்து வேறாகிவிட்டது. ஒருமுறை மட்டும் செல்பவருக்கும் பருவம் முழுவதும் செல்பவருக்கும் ஏற்ற இருக்கை ஒன்றாக இருக்க முடியாது என்பதும், அடிக்கடி செல்பவர் உயரத்தைத்தான் வாங்க வேண்டும் என்பதும் நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை.

முதலில் கண்ணாடியோர வரிசைகள். கடினமாக்கப்பட்ட ரப்பரால் ஆன, ஒரு அங்குலத் தடிமனும் மூன்று அங்குல விட்டமும் கொண்ட பக் எனப்படும் ஆட்டத்தட்டு, ஏறத்தாழ 170 கிராம் எடையுடன் சில வேளைகளில் மணிக்கு 160 கிலோமீட்டரையும் தாண்டிப் பறக்கிறது. அது பலகைச் சுவரில் மோதும் ஓசையை நாலடி தொலைவிலிருந்து கேட்பது தொலைக்காட்சியால் ஒருபோதும் தர முடியாத அனுபவம். இரண்டு வீரர்கள் தோளோடு தோள் மோதிக் கண்ணாடியில் சாயும்போது அந்தக் கண்ணாடி அதிர்வதை உடலே உணர்கிறது. சறுக்குக் காலணிகளின் கத்திகள் பனியைக் கீறும் ஒலியும், வீரர்கள் ஒருவரையொருவர் கூவி அழைப்பதும் இங்கே மட்டும்தான் தெளிவாகக் கேட்கும். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சிச் சறுக்கலைப் பார்க்கவும் இதைவிடச் சிறந்த இடமில்லை. குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் அதற்காகவே முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும்.

ஆனால் வட அமெரிக்கத் தளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்டது. அதன் தரைமட்டத்தில் கண்ணை வைத்துக்கொண்டு அந்த நீளத்தைப் பார்த்தால் தொலைவுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகின்றன. நான் முதன்முதலில் கண்ணாடிக்கு இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்த ஆட்டத்தில், மறுமுனையில் கோல் விழுந்தது என்பதை வலைக்குப் பின்னால் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன். பக் எங்கே போனது, யார் அடித்தார், பக்குக்கு முன்பே யாராவது தாக்கும் பகுதிக்குள் நுழைந்து ஆஃப்சைடு ஆனதா என்பதெல்லாம் கூரையில் தொங்கும் பெரிய திரையில் மறுபடி காட்டப்பட்ட பிறகே விளங்கின. அன்று எனக்கு நேர்ந்தது யாருக்கும் நேரும். கண்ணாடியோர இருக்கை ஆட்டத்தின் வேகத்தைக் காட்டும். அதன் திட்டத்தை மறைத்துவிடும்.

மேல் அடுக்கின் நடுப்பகுதி, அதாவது தளத்தை நடுவில் பிரிக்கும் செம்மையக் கோட்டுக்கு நேர் மேலே உள்ள இருக்கைகள், இதற்கு முற்றிலும் எதிரான குணம் கொண்டவை. முகங்கள் தெரியாது, முதுகில் உள்ள எண்களைக் கொண்டுதான் வீரர்களை அடையாளம் காண வேண்டும். ஆனால் இரு அணிகளிலும் கோல்கீப்பர் நீங்கலான ஐந்து சறுக்காளர்களும் ஒரே பார்வைக்குள் வருகிறார்கள், ஐஸ் ஹாக்கியில் பெரும்பகுதி பக் இல்லாத வீரர்களால்தான் நடக்கிறது என்பதை அங்கே உட்கார்ந்தபிறகே ஒருவர் உணர்கிறார். எதிரணி வீரர் தண்டனை பெற்று வெளியேறிய இரண்டு நிமிட பவர் பிளேயில், ஒருவர் தாக்கும் பகுதியின் எல்லையான நீலக்கோட்டருகிலும் மூவர் நடுவில் வரிசையாகவும் ஒருவர் கோலருகிலும் நிற்கும் 1-3-1 அமைப்பு மேலிருந்து பார்ப்பவருக்கு வரைந்துவைத்த கோலம்போலத் தெரியும். அந்த அமைப்பின் நடுவில் நிற்பவருக்குப் பாதை திறக்கும் கணத்தை, பக் அவரிடம் வந்து சேர்வதற்கு முன்பே நாம் கண்டுகொள்ளலாம்.

சொந்த அரங்க ஆட்டம் என்பதற்கே உரிய ஒரு சிறப்பும் உயரத்திலிருந்துதான் முழுமையாகப் புலப்படுகிறது. ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும்போது விருந்தணி முதலில் தன் வீரர்களை இறக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு தன் வீரர்களை மாற்றும் உரிமை சொந்த அணியின் பயிற்சியாளருக்கு உண்டு. எதிரணியின் சிறந்த தாக்குதல் வரிசைக்கு எதிராகத் தன் சிறந்த தற்காப்பு இணையை அவர் நிறுத்துவது இந்த உரிமையால்தான். ஒரு வீரர் தொடர்ந்து தளத்தில் இருப்பது பெரும்பாலும் 40 முதல் 50 நொடிகளே என்பதால் இந்த மாற்றங்கள் ஓயாமல் நிகழ்கின்றன. யார் யாருக்கு எதிராக இறங்குகிறார் என்று குறித்துக்கொண்டே பார்த்தால், ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதலாவது முடிவதற்குள் பயிற்சியாளரின் எண்ணம் நமக்குப் பிடிபட்டுவிடும். வீரர்கள் அமரும் இருக்கைப் பலகைகளுக்கு எதிர்ப்பக்கத்தில் இடம் வாங்குவது இதற்காகவே நல்லது. எல்லாரும் கவனிக்கும் விஷயம் இது இல்லைதான். ஆனால் ஒருமுறை கவனிக்கத் தொடங்கியவர் பிறகு கவனிக்காமல் இருக்க முடியாது.

கோலுக்குப் பின்னால் உள்ள இருக்கைகளைப் பலர் மட்டமாக எண்ணுகிறார்கள், அது சரியல்ல. தளத்தின் அகலம் அங்கே கண்ணுக்கு நேராக விரிகிறது; அடிப்பவருக்கும் கோல்கீப்பருக்கும் இடையே எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பது பக்கவாட்டில் அமர்ந்தவரைவிட இங்கே அமர்ந்தவருக்கு நன்றாகத் தெரியும். எந்த முனை என்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். விதிப்படி முதல் பகுதியிலும் மூன்றாம் பகுதியிலும் ஒவ்வோர் அணியும் தன் இருக்கைப் பலகைக்கு அருகிலுள்ள கோலைக் காக்கிறது. ஆகவே விருந்தணியின் பலகைக்கு அருகிலுள்ள முனையில் அமர்ந்தால், சொந்த அணி இரண்டு பகுதிகளில் நம்மை நோக்கித் தாக்கிவரும். முனைகளில் தொங்கும் பாதுகாப்பு வலை முதலில் கண்ணை உறுத்தும். சில நிமிடங்களில் பழகிவிடும். 2002ஆம் ஆண்டு கொலம்பஸ் அரங்கில் பார்வையாளர் பகுதிக்குள் பறந்துவந்த பக் தாக்கி 13 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்த பிறகே அந்த வலை எல்லா என்.எச்.எல். அரங்குகளிலும் கட்டாயமாக்கப்பட்டது. அதைத் தடையாக எண்ணி முணுமுணுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஐரோப்பாவில் இன்னொரு தேர்வும் உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அரங்கு ஏறத்தாழ 17,000 பேரைக் கொள்ளக்கூடியது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நின்று பார்க்கும் இடமே. ஆட்டம் முழுவதும் பாடலும் முழக்கமுமாக இருக்கும் அத்தகைய நிற்கும் பகுதியை இருக்கைகளோடு ஒப்பிடுவது கடினம். ஆட்டத்தை நுணுக்கமாகப் பார்க்க விரும்புகிறவருக்கு அது ஏற்றதல்ல. ஓர் அணியின் ஆதரவாளராக இருப்பது எப்படி என்று அறிய விரும்புகிறவருக்கு அதற்கு நிகரான இடம் வேறில்லை.

கீழ் அடுக்கில் பத்தாவது முதல் இருபதாவது வரையிலான நடு வரிசைகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்மட்டம் கண்ணாடிக்கு மேலே வந்துவிடுவதால் தளம் முழுவதும் தெரியும், முகங்களும் தெரியும். விலை ஒரு பொருட்டில்லை என்பவர் அங்கேயே உட்காரலாம். மற்றவர்கள் அந்த ஒரு சீட்டின் செலவில் மேல் அடுக்கில் எத்தனை ஆட்டங்கள் பார்க்கலாம் என்று கணக்கிட வேண்டும். 2025-26 வரை 82 ஆட்டங்கள் கொண்டிருந்த என்.எச்.எல். பருவத்தில் ஓர் அணிக்குச் சொந்த அரங்கில் 41 ஆட்டங்கள் கிடைத்துவந்தன. அவற்றில் எட்டோ பத்தோ பார்ப்பவர் அணியை அறிந்துகொள்ளும் அளவுக்கு, அருகிலிருந்து ஒன்றிரண்டு பார்ப்பவர் அறிந்துகொள்ள மாட்டார்.

மேல் அடுக்கைப் பரிந்துரைக்கும்போது ஓர் எச்சரிக்கையும் அவசியம்: அந்த அரங்கு ஐஸ் ஹாக்கியை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி 2015 முதல் சில ஆண்டுகள் விளையாடிய புரூக்ளினின் பார்கிளேஸ் சென்டர் கூடைப்பந்துக்காக வடிவமைக்கப்பட்டது. அதைவிட நீளமான பனித்தளத்தை அதற்குள் பொருத்தியபோது தளம் ஒரு பக்கமாக ஒதுங்கியது, நடுவில் தொங்க வேண்டிய திரை நீலக்கோட்டுக்கு அருகில் நின்றது, சில இருக்கைகளிலிருந்து ஒரு கோலையே சரியாகப் பார்க்க முடியவில்லை. அந்த அணி 2021இல் ஐஸ் ஹாக்கிக்கென்றே கட்டப்பட்ட யூ.பி.எஸ். அரங்குக்கு மாறியது. ஆதலால், சீட்டு வாங்குமுன் அந்தக் குறிப்பிட்ட இருக்கையிலிருந்து எடுத்த படத்தைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

எந்த இடத்தைத் தேர்ந்தாலும் மூன்றாம் பகுதியின் கடைசி இரண்டு நிமிடங்களில் வேறுபாடு மிகக் கூர்மையாகிறது. ஒரு கோல் பின்தங்கிய சொந்த அணி, கோல்கீப்பரை வெளியே அழைத்து ஆறாவது சறுக்காளரை இறக்குகிறது. கண்ணாடியோரத்தில் இருப்பவருக்குத் தன் முன்னே நடக்கும் இழுபறியும் மூச்சிரைப்பும் தெரியும். கோலுக்குப் பின்னால் இருப்பவருக்கு ஆறு பேரும் தன்னை நோக்கி வருவது தெரியும். மேலே இருப்பவருக்கோ அந்த ஆறாவது ஆள் எந்த இடைவெளியை நோக்கி ஓடுகிறார் என்பதும், மறுமுனையில் காவலின்றிக் கிடக்கும் வெறும் வலையும் ஒரே பார்வையில் தெரியும்.