ரிச்மண்ட் பூங்கா கோல்ஃப் திடல்: எல்லாப் பருவத்திலும் ஆடியவர்களின் அனுபவம்

லண்டன் ரிச்மண்ட் பூங்காவுக்கு கோல்ஃப் ஆட வருகிறவர்கள் மான்களைப் பற்றியும் ஓக் மரங்களைப் பற்றியும் விசாரிப்பார்கள். மண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் இங்கே ஸ்கோரை முடிவு செய்வது அந்த மண்தான்.

1637இல் முதலாம் சார்லஸ் மன்னர் வேட்டைக்காக மதில் கட்டி வளைத்த நிலம் இது. அதன் கிழக்கு ஓரத்தில், வேட்டை மான்களுக்குத் தீவனம் போட்ட அடைப்பில் 1923இல் பிரின்ஸ் திடலும் 1925இல் டியூக் திடலும் திறக்கப்பட்டன. உறுப்பினராக வேண்டியதில்லை, காசு கட்டினால் யாரும் ஆடலாம். அரச நிலம் ஒன்று உழைக்கும் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது என்பதற்காகவே இந்தத் திடலை மதிக்க வேண்டும்.

அடியில் இருப்பது லண்டன் களிமண். நவம்பரிலிருந்து மார்ச் வரை தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும், உருளாது. ஆகவே வழக்கமாக எடுப்பதைவிட ஒரு படி அதிக தூரம் அனுப்பும் கிளப்பை (மட்டையை) எடுங்கள். வெட்ஜில் (பந்தை உயரத் தூக்கும் குறுந்தூர கிளப்பில்) பவுன்ஸ், அதாவது அடிப்பாகத்தின் சாய்வு, 10 டிகிரிக்கு மேல் இருக்கட்டும். குறைந்தால் அடிவிளிம்பு சேற்றைத் தோண்டிக்கொண்டு போகும், பந்து பாதி வழியில் விழும். பந்து விழுந்த வேகத்தில் தான் உண்டாக்கிய பள்ளத்திலேயே புதைந்தால் கோல்ஃப் விதி 16.3 கைகொடுக்கும்: பந்துக்கு நேர் பின்னாலிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள், கொடிக்கு நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தைக் கீழே விட்டு ஆடலாம். தண்டனை இல்லை. பலர் இது தெரியாமல் சேற்றோடு மல்லுக்கட்டி, ஸ்கோரில் இரண்டு ஷாட் இழக்கிறார்கள். பந்தின் வலப்பக்கம் சேறு ஒட்டியிருந்தால் அது இடப்பக்கம் விலகும். குறியை அதற்கேற்ப மாற்றுங்கள்.

டிசம்பரில் நான்கு மணியளவிலேயே சூரியன் மறையும். 18 குழிக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், பன்னிரண்டு மணிக்குப் பிறகு தொடங்கினால் கடைசிக் குழிகள் இருட்டில்தான்.

மழையில்லாத கோடையில் அதே களிமண் இறுகி வெடிக்கும். அப்போது கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு) முன்னாலேயே பந்தை இறக்கி உருட்டிவிடுவது நல்லது. உயர அடித்து நேராகக் கிரீனில் போட்டால் துள்ளிப் பின்பக்கம் ஓடிவிடும்.

பொதுத் திடல் என்பதால் கிரீன்களில் பந்து விழுந்த பள்ளங்கள் அதிகம். பள்ளத்தைச் சரிசெய்யும் சிறு முள்கருவியை அதன் ஓரத்தில் குத்தி, புல்லை நடுவை நோக்கித் தள்ளுங்கள். அடியிலிருந்து நெம்பித் தூக்கினால் வேர் அறுந்து அந்த இடம் பழுத்துவிடும்.

பூங்காவில் மான்களிடமிருந்து 50 மீட்டர் விலகி நில்லுங்கள். செப்டம்பர், அக்டோபர் இணை சேரும் பருவம், ஆண் மான்கள் பாயும். மே முதல் ஜூலை வரை குட்டியைக் காக்கும் தாய்மான்களும் அப்படியே. அதே மாதங்களில் ஓக் மரத்தடியில் பந்து தேடும்போது, வரிசையாக ஊரும் கம்பளிப்புழுக்களையும் அவற்றின் கூடுகளையும் தொடாதீர்கள். அந்த மயிர் பட்டாலே தோல் தடிக்கும், மூச்சும் இழுக்கலாம்.

உயர்ந்த புல்லுக்குள் போய் வந்தால் கணுக்கால், முழங்கால் மடிப்பில் உண்ணி இருக்கிறதா பாருங்கள். கூர் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் மெல்ல நேராக இழுங்கள். பின்னாளில் கடிவாயைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் உண்ணிக்கடி என்பதைச் சொல்லியாக வேண்டும்.