தடித்த, ஒடுங்கிய, முனை உருண்ட எழுத்து: ஃப்ரெடோகாவா, டோசிஸா, பீபாஸ் நியூவா?

போஸ்டர் தலைப்புக்கோ லேபிளுக்கோ ஆங்கில எழுத்துரு தேடும்போது தடிமன், ஒடுக்கம், உருண்ட முனை மூன்றும் ஒன்றாக அமைவது அரிது. தடிமன் கூடினால் எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் குறையும். ஒடுக்கினால் இன்னும் குறையும். அதனால் எந்த எழுத்துருவையும் நான் முதலில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளான 'ஏ' (a), 'ஈ' (e), 'எஸ்' (s) ஆகியவற்றில்தான் சோதிப்பேன். அங்கே அடைபட்டுப் போனால் மற்ற அழகெல்லாம் வீண்.

தலைப்பில் சொன்ன மூன்று எழுத்துருக்களில் பீபாஸ் நியூ ஒடுக்கத்தில் கெட்டிக்காரன். ரியோய்ச்சி சுனேகாவா வடிவமைத்தது. சிற்றெழுத்தே கிடையாது, எதைத் தட்டினாலும் பெரிய எழுத்துதான் வரும். நீளமான தலைப்பை ஒரே வரியில் அடக்க இதைவிட நல்லது தெரியவில்லை. ஆனால் முனைகள் வெட்டியது போல நேராக நிற்கும். குரலில் கண்டிப்பு இருக்கும். விளையாட்டுப் போட்டி அறிவிப்புக்குச் சரி, குழந்தைகள் பொருளுக்குப் பொருந்தாது.

அப்புறம் பலரும் செய்யும் குறுக்குவழி ஒன்று: பீபாஸ் எழுத்தின் விளிம்பைச் சுற்றி உருண்ட மூலையுள்ள கோடு கொடுத்து 'ரவுண்ட்' ஆக்குவது. தயவுசெய்து வேண்டாம். கோடு வெளியே வளர்வதுபோல உள்ளேயும் வளர்ந்து ஓட்டைகளை அடைக்கும். அதோடு, உருண்ட முனை கண்ணுக்குக் கொஞ்சம் குட்டையாகத் தெரியும். நல்ல வடிவமைப்பாளர் அதை உணர்ந்து உயரத்தைச் சற்றுக் கூட்டியிருப்பார். குறுக்குவழியில் அந்தக் கவனிப்பு வராது.

டோசிஸ் பிறப்பிலேயே உருண்ட முனை கொண்டது. மிக மெல்லிய வடிவத்தில் தொடங்கி வளர்ந்த குடும்பம் என்பதால் 200 முதல் 800 வரை எடைகள் (தடிமன் அளவுகள்) உண்டு. 800-இலும் எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் திறந்தே இருக்கிறது. பொருளின் பெயரும் அதன் கீழே இரண்டு வரி விவரமும் ஒரே குடும்பத்தில் வேண்டுமென்றால் இதுதான் வசதி. தூரத்திலிருந்து பார்க்கும் போஸ்டருக்கு மட்டும் அதன் தடிமன் போதாது.

என் ஓட்டு ஃப்ரெடோகாவுக்கு. இது வேரியபிள் எழுத்துரு: எடை 300 முதல் 700 வரை, அகலம் 75 முதல் 125 வரை நகர்த்தலாம். 700-இல் வைத்து அகலத்தை 75-க்கு இறக்கினால் கேட்ட மூன்றும் கிடைத்துவிடும். கிடைமட்டமாக நசுக்கிய எழுத்தில் நடப்பதுபோல இதில் செங்குத்துக் கோடுகள் மட்டும் மெலிந்து போகாது, ஏனென்றால் ஒடுங்கிய வடிவம் தனியாக வரையப்பட்டது. ஸ்டிக்கர் வெட்டுபவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு: கூர் மூலைதான் முதலில் உரியும், உருண்ட மூலை நன்றாக ஒட்டி நிற்கும். இரண்டு மூன்று சொற்கள் வரை இது பிரமாதம். அதற்கு மேல் நீண்டால் எழுத்துகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கட்டியாகிவிடும். இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், அப்போதும் நெருக்கினால் டோசிஸுக்கு மாறுங்கள்.

மூன்றும் திறந்த உரிமத்தில் இலவசம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். தமிழ் எழுத்து மூன்றிலும் கிடையாது. தமிழ்த் தலைப்பும் கூடவே வருமென்றால் பலூ தம்பி 2 என்ற தமிழ் எழுத்துரு ஃப்ரெடோகாவோடு இணக்கமாக நிற்கும். ஆனால் அதற்கு ஒடுங்கிய வடிவம் இல்லை, எனவே தமிழ் வரிக்குக் கூடுதல் அகலம் ஒதுக்கிவிட்டே லேஅவுட்டைத் தொடங்குங்கள்.