ஊதிப் பார்க்க எது: பீக் ஃப்ளோ மீட்டரா, வீட்டு ஸ்பைரோமீட்டரா?

"மூச்சு வாங்கினால் எனக்கே தெரியாதா, இதற்கு எதற்கு ஒரு மீட்டர்?" ஆஸ்துமா உள்ள பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். எல்லாருக்கும் தெரிவதில்லை. மூச்சுக்குழாய் மெல்ல மெல்லச் சுருங்கும்போது உடம்பு அதற்குப் பழகிவிடும். இரைப்பு காதில் விழும் முன்பே சிலருக்கு எண் இறங்க ஆரம்பித்திருக்கும்.

பீக் ஃப்ளோ மீட்டர், எவ்வளவு வேகமாகக் காற்றை வெளியே ஊதுகிறீர்கள் என்று அளக்கும், பேட்டரிகூட வேண்டாத ஒரு பிளாஸ்டிக் குழாய். முள்ளைக் கீழே தள்ளிவிட்டு, நிமிர்ந்து நின்று, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, உதட்டை இறுக்கி ஒரே வேகத்தில் 'ஃபூ' என்று ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதில் அதிகமானதை எழுதிக்கொள்ளுங்கள்; சராசரி போட வேண்டாம். நாக்கு துளையை மறைத்தாலோ, துப்புவது போல ஊதினாலோ எண் பொய் சொல்லும்.

ஸ்பைரோமீட்டர் இன்னும் ஆழமாகப் பார்க்கும். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியேறியது, மொத்தமாக எவ்வளவு என்று இரண்டையும் காட்டும். அடைப்பை மதிப்பிட மருத்துவர்கள் அதிகம் நம்புவதும் இதைத்தான். ஆனால் காற்று தீரும் வரை, சுமார் 6 நொடி விடாமல் ஊத வேண்டும். ஆய்வகத்தில் "இன்னும், இன்னும்" என்று பக்கத்தில் ஒருவர் குரல் கொடுப்பார். வீட்டில் தனியாக, தூக்கக் கலக்கத்தில் நான்கே நொடியில் விட்டுவிடத் தோன்றும். அப்புறம் அந்தத் துல்லியத்தால் என்ன பயன்?

அதனால் பெரும்பாலானவர்களுக்கு என் ஓட்டு பீக் ஃப்ளோ மீட்டருக்குத்தான். கடுமையான ஆஸ்துமா, அடிக்கடி மருந்து மாற்றம், எண்களைத் தொடர்ந்து பார்க்கும் மருத்துவர், இவை இருந்தால் ஸ்பைரோமீட்டருக்குச் செலவழிக்கலாம்.

எதை வாங்கினாலும் எண்ணை உங்களோடுதான் ஒப்பிட வேண்டும். ஆஸ்துமா நன்றாகக் கட்டுப்பட்டிருக்கும்போது இரண்டு மூன்று வாரம் ஊதிப் பார்த்துக் கிடைக்கும் உச்ச எண்தான் அளவுகோல். அது 420 என்று வையுங்கள். 80 சதவீதமான 336-க்கு மேல் இருந்தால் பச்சை. அதற்குக் கீழே மஞ்சள்: மருத்துவர் எழுதித் தந்த திட்டத்தை எடுத்துப் பாருங்கள். பாதியான 210-க்குக் கீழே போனால் சிவப்பு: நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவ உதவிக்குப் போங்கள். எண் நன்றாக இருந்தும் மூச்சுத் திணறினால், எண்ணை விட்டுவிட்டுத் திணறலை நம்புங்கள்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இந்தப் போட்டியிலேயே இல்லை. ஆஸ்துமாவில் ஆக்ஸிஜன் இறங்குவது பெரும்பாலும் நிலைமை முற்றிய பிறகுதான். 98 காட்டுகிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளால் பொதுவாக இரண்டையும் சரியாக ஊத முடியாது. அவர்களுக்கு இரவு இருமலையும் விளையாட்டில் வரும் இளைப்பையும் குறித்து வைப்பதே வழி. பெரியவர்களுக்கு இன்னொன்று: ஒரு மீட்டரின் எண் இன்னொன்றோடு அப்படியே ஒத்துப்போகாது. பழையது உடைந்து புதிது வாங்கினால், உங்கள் உச்ச எண்ணையும் புதிதாகவே எடுங்கள்.