மாடல் வேகனில் துருவும் தூசியும்: வருடக்கணக்கில் ஓட்டிய பிறகு எது நிற்கிறது

டப்பாவிலிருந்து எடுத்த புது வேகன் எவ்வளவு நுணுக்கமாகச் செய்ததாக இருந்தாலும் அந்தப் பிளாஸ்டிக் பளபளப்பு அதைப் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். ஹெச்ஓ அளவில், அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கான (1:87) மாடல் ரயிலில், பல வருடமாக வேகன்களுக்கு வெதரிங் செய்து, அதாவது நிஜத்தில் ஓடிப் பழசான மாதிரி துருவும் அழுக்கும் பூசி, ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டது இது.

பெயின்டைத் தொடுவதற்கு முன் ஈரோட்டுப் பக்கமோ சங்ககிரிப் பக்கமோ கூட்ஸ் நிற்கும்போது ஒருக்கா நன்றாகப் பாருங்க. எல்லா வேகனும் ஒரே மாதிரி அழுக்காவதில்லை. நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்என் வேகனில் உள்தகடு தேய்ந்து கரியும் துருவுமாக இருக்கும், சிமென்ட் வேகனில் கதவைச் சுற்றிச் சாம்பல் படிந்திருக்கும், எண்ணெய் டேங்கரில் மேல்மூடியிலிருந்து கறுப்பாக வழிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவானது அடிப்பாகம்தான். பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் தூளும் மண்ணும் சேர்ந்து சக்கரம், அதைத் தாங்கும் சட்டமான போகி எல்லாம் ஒரே காய்ந்த பழுப்பு. நேரம் குறைவென்றால் அடிப்பாகத்தை மட்டும் செய்யுங்க, பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

நான் நம்புவது சாக் பேஸ்டல் என்ற, சாக்பீஸ் மாதிரியான வண்ணக் குச்சியைத்தான். குச்சியை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி, மேட் வார்னிஷ் (பளபளக்காத வார்னிஷ்) அடித்துக் காய்ந்த வேகன் மேல் பிரஷ்ஷால் தட்டித் தேய்க்க வேண்டும். வார்னிஷ் இல்லாத வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் பொடி பிடிக்காது. அப்புறம் மேலே இன்னொரு கோட் வார்னிஷ். அந்தக் கோட் பொடியின் நிறத்தை நிறையவே விழுங்கிவிடும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே போடுங்க, போதாவிட்டால் மறுபடி போட்டு மறுபடி சீல் செய்யுங்க. சீல் செய்யாத வேகன்களில் விரல் பிடிக்கும் மேல்விளிம்பில்தான் முதலில் பொடி போய் வழவழப்பு திரும்புகிறது. சீல் செய்தவை இன்றும் அப்படியே இருக்கின்றன. ஐப்பசி மழையில் ஸ்பிரே வார்னிஷ் அடிக்காதீங்க, ஈரக்காற்றில் வெள்ளையாகப் பூத்துவிடும்.

நம்ம செம்மண்ணையே சலித்துப் பூசலாமே என்று பலர் கேட்கிறார்கள். நிறம் அருமைதான், ஆனால் 0.1 மில்லிமீட்டர் துகள்கூட இந்த அளவில் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் கல்லாகத் தெரியும். போதாக்குறைக்கு மண்ணில் இரும்புத்துகள் இருந்தால் இன்ஜின் மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும். செம்மண்ணை நிறம் பார்க்கப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேஸ்டலைக் கலந்து அந்த நிறத்துக்குக் கொண்டுவருவதே நல்லது.

சக்கரம் தண்டவாளத்தில் உருளும் பகுதியிலும் அச்சு முனையிலும் பெயின்ட், பொடி எதுவும் படக்கூடாது, வண்டி இழுவையாகிவிடும். வேகன் எண்ணை மூடிவிடாதீங்க, நிஜத்திலும் ஆள் நின்று படித்துக் குறிக்கிற எண் அது. நனைத்த பட்ஸால் அந்த இடத்தை மட்டும் லேசாகத் துடைத்துவிட்டு அப்புறம் சீல் செய்யுங்க. காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் இவ்வளவையும் ரெண்டு பழைய பிரஷ்ஷிலேயே செய்யலாம்.